மாத்திரையோடு எதிர்ப்பாற்றலும்: நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-க்குக் கூட்டுச் சிகிச்சை எங்கே நிற்கிறது?

வடசென்னையில் ஹெபடைடிஸ் பி தொற்று இருப்பது பலருக்கும் தற்செயலாகத்தான் தெரியவருகிறது. வளைகுடா வேலைக்காக மெடிக்கல் எடுக்கப் போன ராயபுரத்து வெல்டர், தலைப்பிரசவத்துக்குப் பதிவு செய்யப் போன கொருக்குப்பேட்டைப் பெண், குடலிறக்க ஆபரேஷனுக்கு முன் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்த மணலித் தொழிலாளி என்று ஒவ்வொருவரும் வந்து சேரும் வழி வேறாக இருந்தாலும், லேப் கொடுக்கும் தாளில் வரும் வரி ஒன்றுதான்: எச்.பி.எஸ்.ஏ.ஜி. – ரியாக்டிவ். வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென், அதாவது அதன் உறைப் புரதம், ரத்தத்தில் இருக்கிறது என்பதே இதன் பொருள். காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ இல்லாத உடம்பில் இப்படியொரு வரி வந்தால் அதை நம்புவதற்கே சில வாரங்கள் ஆகின்றன. பிறகு வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு), கல்லீரல் நொதிகள், ஸ்கேன் எல்லாம் பார்த்து, தேவைப்படுகிறவர்களுக்கு டெனோஃபோவிர் அல்லது என்டகாவிர் மாத்திரை தொடங்கப்படுகிறது. ஓரிரு ஆண்டுகளில் வைரல் லோடு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் முதலில் வந்த வரி மட்டும் மாறுவதில்லை. எச்.பி.எஸ்.ஏ.ஜி. ரியாக்டிவாகவே நிற்கிறது.

வைரஸ் ரத்தத்தில் இல்லை, ஆனால் அதன் அடையாளம் இருக்கிறது என்ற இந்த நிலைமையை நோயாளிக்கு யாரும் பொறுமையாக விளக்குவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். வெளிநோயாளிப் பிரிவில் ஒருவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் அது முடியவும் முடியாது. மாத்திரையோடு எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தால் இந்தத் தொற்றைத் தீர்த்துவிடலாமா என்று உலகெங்கும் நடக்கும் ஆராய்ச்சியைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால், மாத்திரை எதைச் செய்கிறது, எதைச் செய்ய இயலாது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2022-ஆம் ஆண்டில் சுமார் 25 கோடியே 40 லட்சம் பேர் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-யோடு வாழ்ந்தார்கள்; அவர்களில் ஏறத்தாழ 2 கோடியே 98 லட்சம் பேர் இந்தியர்கள். அந்த ஓர் ஆண்டில் மட்டும் சுமார் 11 லட்சம் பேர் இந்தத் தொற்றின் விளைவாக, பெரும்பாலும் சிரோசிஸ் என்ற முற்றிய கல்லீரல் தழும்பாலும் கல்லீரல் புற்றுநோயாலும் இறந்தார்கள். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றிக்கொண்ட குழந்தைகளில் 90 விழுக்காட்டினருக்கு அது நாள்பட்டதாகிவிடுகிறது. வளர்ந்த பிறகு தொற்றியவர்களில் 5 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களுக்கே அப்படி நிலைக்கிறது, மற்றவர்களின் உடல் அதைத் தானாகவே விரட்டிவிடுகிறது. ஹெபடைடிஸ் பி தடுப்பு மருந்தையும் உள்ளடக்கிய ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் தடுப்பூசி, இந்தியாவில் முதன்முதலாக 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்து, தடுப்பூசி கிடைக்காமல் போன தலைமுறைதான் இன்று முப்பது, நாற்பது, ஐம்பது வயதில் இந்த மாத்திரைகளை விழுங்கிக்கொண்டிருக்கிறது.

மேலே சொன்ன விகிதங்களிலேயே நம் விஷயத்தின் கரு இருக்கிறது. ஒரே வைரஸ்தான், வளர்ந்தவரின் உடல் அதை மருந்தே இல்லாமல் வெல்கிறது, பச்சிளங்குழந்தையின் உடல் தோற்றுவிடுகிறது. வைரஸில் எந்த வேறுபாடும் இல்லை, அதை எதிர்கொள்ளும் எதிர்ப்பாற்றலில்தான் வேறுபாடு. அப்படியானால் தோற்றுப்போன எதிர்ப்பாற்றலை எழுப்பிவிட முடிந்தால் என்ன என்ற கேள்வி தானாகவே எழுகிறது.

மாத்திரை எட்டாத இடம்

இந்த வைரஸ் மிகச் சிறியது. அதன் மரபுப்பொருள் ஏறத்தாழ 3,200 எழுத்துகள் நீளம்தான். கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் பித்த உப்புகளை உள்ளே கடத்துவதற்கென்று இருக்கும் ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டு அது செல்லுக்குள் நுழைகிறது. இந்தப் புரதம்தான் வாசல் என்பது 2012-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. உள்ளே சென்றதும் தன் டி.என்.ஏ.-வைச் செல்லின் உட்கருவுக்குள் கொண்டுபோய், முழுமையாக மூடிய ஒரு வட்டமாக மாற்றிக்கொள்கிறது. இந்த மூடிய வட்ட டி.என்.ஏ. நம் குரோமோசோம்களைப் போலவே புரதங்களைச் சுற்றிக்கொண்டு, அந்தச் செல் வாழும்வரை அங்கேயே கிடக்கிறது. அதிலிருந்து ஆர்.என்.ஏ. படிகள் எடுக்கப்படுகின்றன, ஒரு படி மீண்டும் டி.என்.ஏ.-வாக மாற்றப்பட்டுப் புது வைரஸாக உறையிடப்படுகிறது. மற்ற படிகளிலிருந்து மேற்பரப்பு ஆன்டிஜென் உள்ளிட்ட புரதங்கள் உண்டாகின்றன. இதோடு நில்லாமல் வைரஸ் டி.என்.ஏ.-வின் துண்டுகள் நம் குரோமோசோம்களிலேயே ஆங்காங்கே செருகிக்கொள்கின்றன. இந்தத் துண்டுகளால் புது வைரஸை உருவாக்க முடியாது, ஆனால் மேற்பரப்பு ஆன்டிஜெனை உற்பத்தி செய்ய முடியும்.

டெனோஃபோவிரும் என்டகாவிரும் தடுப்பது ஆர்.என்.ஏ. மீண்டும் டி.என்.ஏ.-வாக மாறும் அந்த ஒரு கட்டத்தை மட்டுமே. அதைத் தடுத்தால் புது வைரஸ் உருவாவது நின்றுவிடுகிறது, வைரல் லோடு சரிகிறது. உட்கருவில் கிடக்கும் வட்டத்தை அவை தொடுவதில்லை. குரோமோசோமில் செருகிய துண்டுகளையும் தொடுவதில்லை. ஆகவே ஆன்டிஜென் உற்பத்தி தொடர்கிறது, தாளில் அந்த வரியும் தொடர்கிறது. மாத்திரையை நிறுத்தினால் வட்டத்திலிருந்து வைரஸ் மீண்டும் கிளம்பி வருகிறது.

“பக்கத்து வீட்டுக்காரருக்கு சி இருந்துச்சு, மூணு மாச மாத்திரையில சுத்தமா போயிடுச்சு, எனக்கு மட்டும் ஏன் ஆயுசு முழுக்க?” என்று கேட்பவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். நியாயமான கேள்வி அது. ஹெபடைடிஸ் சி வைரஸுக்கு மரபுப்பொருளே ஆர்.என்.ஏ.-தான், அது உட்கருவுக்குள் போவதில்லை, வட்ட டி.என்.ஏ.-வாகப் பதுங்குவதும் இல்லை, பெருக்கத்தை 12 வாரம் நிறுத்தி வைத்தால் அது அழிந்தேபோகிறது. பெயரில் ஓர் எழுத்துதான் வேறென்றாலும் இரண்டும் வெவ்வேறு குடும்பத்து வைரஸ்கள்.

இப்படிச் சொல்வதால் மாத்திரை வீண் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஐந்தாண்டுகள் டெனோஃபோவிர் எடுத்துக்கொண்டு முன்னும் பின்னும் கல்லீரல் திசுப் பரிசோதனை செய்துகொண்ட 348 பேரில், 51 விழுக்காட்டினருக்குக் கல்லீரல் தழும்பு குறைந்திருந்தது என்றும், தொடக்கத்தில் சிரோசிஸ் இருந்த 96 பேரில் 71 பேருக்கு அந்த நிலை மாறியிருந்தது என்றும் 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. சிரோசிஸ் என்றால் திரும்பாத பாதை என்று நினைத்திருந்த காலத்தில் இது சாதாரண செய்தி அல்ல. 1998-இல் வந்த லாமிவுடினுக்கு, சில ஆண்டுகளிலேயே வைரஸ் பழகிப்போய் மருந்து பலிக்காமல் போவது பெரும் தொல்லையாக இருந்தது. இன்றைய மாத்திரைகளில் அந்தத் தொல்லை மிக அரிது. புற்றுநோய் வாய்ப்பையும் இவை குறைக்கின்றன. குறைக்கின்றனவே ஒழிய நீக்குவதில்லை. மேற்பரப்பு ஆன்டிஜென் முற்றிலும் மறைவது மாத்திரையில் மட்டும் இருப்பவர்களிடம் ஆண்டுக்கு 1 விழுக்காட்டுக்கும் குறைவு.

அந்த மறைவைத்தான் மருத்துவர்கள் செயல்நிலைக் குணம் என்கிறார்கள்: சிகிச்சை எல்லாம் நிறுத்தி 24 வாரங்கள் கழித்தும் ரத்தத்தில் ஆன்டிஜெனும் வைரஸ் டி.என்.ஏ.-வும் இல்லாதிருக்கும் நிலை. உட்கருவில் வட்டம் எங்கேனும் மிச்சம் இருக்கலாம், ஆனால் எதிர்ப்பாற்றல் அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்கிறது. இந்த நிலையை அடைந்தவர்களுக்குச் சிரோசிஸும் புற்றுநோயும் வரும் வாய்ப்பு கணிசமாகக் குறைகிறது. இன்றைய கூட்டுச் சிகிச்சை ஆராய்ச்சிகள் அனைத்தும் அளக்கும் இலக்கு இதுவே.

களைத்துப்போன காவல்

எதிர்ப்பாற்றல் ஏன் தோற்கிறது? தொற்றுள்ள செல்லை அடையாளம் கண்டு அழிப்பது டி செல்கள் என்ற வெள்ளணுக்களின் வேலை. நாள்பட்ட தொற்றில் ஹெபடைடிஸ் பி-யை அடையாளம் காணக்கூடிய டி செல்கள் எண்ணிக்கையில் அருகிப்போகின்றன; மிஞ்சியவையும் களைத்துப்போகின்றன. களைத்த டி செல்லின் மேற்பரப்பில் பி.டி.-1 போன்ற தடுப்பு விசைகள் ஏராளமாக முளைக்கின்றன, அவை அழுத்தப்பட்டவுடன் செல் செயலற்றுப்போகிறது. இதற்கு மேல், குடலிலிருந்து ஓயாமல் வரும் அன்னியப் பொருள்களுக்கெல்லாம் சண்டையிடக் கூடாது என்பதற்காகக் கல்லீரல் இயல்பிலேயே எதிர்ப்பாற்றலை அடக்கிவைக்கும் உறுப்பு. வைரஸ் குடியேறத் தேர்ந்தெடுத்த இடம் அதற்குச் சாதகமான இடம்.

இதில் மேற்பரப்பு ஆன்டிஜெனின் பங்கு தனியே சொல்லத்தக்கது. முழுமையான ஒவ்வொரு வைரஸுக்கும் ஆயிரத்திலிருந்து லட்சம் மடங்கு வரை, உள்ளே டி.என்.ஏ. இல்லாத வெற்று ஆன்டிஜென் உருண்டைகள் ரத்தத்தில் விடப்படுகின்றன. அவற்றால் தொற்ற முடியாது. ஆனால் எதிர்ப்புப் புரதங்களை அவை தம் பக்கம் இழுத்து வீணாக்குகின்றன, ஆண்டுக்கணக்கில் ஓயாமல் வந்துகொண்டிருப்பதால் எதிர்ப்பாற்றலை மரத்துப்போகவும் செய்கின்றன. காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலக் கூச்சலுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அந்தக் கூச்சல் காதில் விழாமலே போவதைப் போன்றது இது. குழந்தைப் பருவத்திலிருந்தே ஆன்டிஜெனைப் பார்த்துப் பழகிய உடம்பு அதை அன்னியமாகவே எண்ணுவதில்லை.

ஆகவே இரண்டு வேலைகள் ஆக வேண்டியிருக்கிறது: கூச்சலைக் குறைக்க வேண்டும், மரத்துப்போனதை எழுப்பவும் வேண்டும். வைரஸ் எதிர்ப்பு மருந்தும் எதிர்ப்பாற்றல் சிகிச்சையும் சேர வேண்டும் என்பதற்கு அடிப்படை இந்த எளிய தர்க்கம்தான். எந்த வரிசையில், எவ்வளவு நாள், யாருக்கு என்பதில்தான் சிக்கலெல்லாம்.

இன்டர்ஃபெரான் கற்றுக்கொடுத்தது

எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளில் மிகப் பழையது இன்டர்ஃபெரான். உடல் தானே சுரக்கும் இந்தப் பொருள் 1957-இல் கண்டறியப்பட்டது. இன்று பயன்படும் பெக் இன்டர்ஃபெரான் வாரம் ஓர் ஊசி வீதம் 48 வாரங்கள் போடப்படுகிறது. காய்ச்சல், உடல்வலி, சோர்வு, ரத்த அணுக்கள் குறைதல், மனச்சோர்வு என்று பக்க விளைவுகள் நிறைய. கல்லீரல் செயலிழக்கத் தொடங்கியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கவே கூடாது. ஊசி போட்ட மறுநாள் மூட்டை தூக்கவோ கட்டுமரத்தில் போகவோ முடியாது என்பதால், நாள்கூலி வேலை செய்யும் எங்கள் பகுதியினருக்கு இந்தச் சிகிச்சையின் விலை மருந்து விலையோடு முடிவதில்லை.

இதை டெனோஃபோவிரோடு சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வு 2016-இல் வெளிவந்தது. 740 பேர் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டார்கள். 48 வாரங்கள் இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களில் 72-ஆவது வாரத்தில் 9.1 விழுக்காட்டினரிடம் மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்திருந்தது. இன்டர்ஃபெரான் மட்டும் எடுத்தவர்களில் அது 2.8 விழுக்காடு, டெனோஃபோவிர் மட்டும் எடுத்தவர்களில் ஒருவருக்குக்கூட மறையவில்லை. சேர்த்துக் கொடுத்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிடப் பலன் கூடும் என்பது இங்கே ஐயமின்றி நிறுவப்பட்டது. அதேசமயம் பத்தில் ஒன்பது பேருக்குப் பலிக்கவில்லை என்பதும் அதே ஆய்வு சொல்லும் உண்மைதான். அந்த ஒன்பது பேரையும் ஓராண்டு பக்க விளைவுகளுக்கு உட்படுத்துவது சரியா என்று தயங்கிய மருத்துவர்களைக் குறை சொல்ல முடியாது.

நம் ஊருக்கு நேரடியாகப் பொருந்தும் விஷயம் ஒன்றும் இதில் உண்டு. இந்த வைரஸில் ஏ, பி, சி, டி என்று பல மரபுவகைகள் இருக்கின்றன. இன்டர்ஃபெரானுக்கு ஏ வகை நன்றாக இணங்குகிறது, டி வகை மிகக் குறைவாகவே இணங்குகிறது. இந்தியாவில் அதிகம் காணப்படுவது டி, அடுத்தது ஏ. மேலும் இங்கே நாள்பட்ட நோயாளிகளில் பெரும்பாலோர் இ-ஆன்டிஜென் நெகட்டிவ், அதாவது வைரஸின் இ-ஆன்டிஜென் என்ற இன்னொரு புரதம் ரத்தத்தில் காணப்படாத பிரிவில் வருகிறார்கள். அவர்களிடம் மேற்பரப்பு ஆன்டிஜெனின் பெரும்பகுதி குரோமோசோமில் செருகிய துண்டுகளிலிருந்து வருகிறது. வட்டத்தை மட்டும் அடக்கும் எந்த உத்தியும் இவர்களிடம் முழுமையாகப் பலிக்காது. கிழக்காசியாவில் கிடைத்த முடிவுகளை அப்படியே இங்கே எதிர்பார்ப்பதில் கவனம் தேவை என்பது என் கருத்து. அங்கே பி, சி வகைகளே மிகுதி.

சென்னைக்கு இந்த வரலாற்றில் தனி இடமே உண்டு. 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜனும் சக ஆய்வாளர்களும், இந்த வைரஸின் ஆன்டிஜெனைக் கண்டுபிடித்ததற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் ப்ளம்பெர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லி பற்றிய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 30 நாள்கள் கீழாநெல்லிப் பொடி எடுத்துக்கொண்டவர்களில் 59 விழுக்காட்டினரிடம் மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்தது என்றும், வெற்று மருந்து எடுத்தவர்களில் அது 4 விழுக்காடே என்றும் அது கூறியது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு. ஆனால் பிற இடங்களில் செய்யப்பட்ட ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. பின்னாளில் எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்தபோதும் வெற்று மருந்தைவிட அது மேல் என்பதற்கு உறுதியான சான்று அமையவில்லை. மஞ்சள் காமாலை என்றதும் வைத்தியரிடம் பச்சிலை வாங்கி மோரில் கரைத்துக் குடிப்பது இன்றும் வண்ணாரப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் வழக்கத்தில் இருக்கிறது. திடீர்க் காமாலை பெரும்பாலும் தானே அடங்கிவிடும் நோய் என்பதால் பச்சிலைக்கு அந்தப் பெயர் கிடைத்துவிடுகிறது. நாள்பட்ட தொற்றுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பச்சிலையை நம்பி டெனோஃபோவிரை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

முதலில் ஆன்டிஜெனைக் குறை, பிறகு எழுப்பு

கடந்த பத்தாண்டுகளின் முக்கியமான நகர்வு, ஆர்.என்.ஏ. படிகளையே அழிக்கும் மருந்துகள். வட்டத்திலிருந்து வந்ததோ செருகிய துண்டிலிருந்து வந்ததோ, ஆன்டிஜென் உருவாக ஆர்.என்.ஏ. படி வேண்டும், அதை வெட்டிவிட்டால் உற்பத்தி நிற்கும். இவற்றில் ஒரு வகை சிறு குறுக்கீட்டு ஆர்.என்.ஏ.; இன்னொரு வகை எதிரிழை மருந்து. இரண்டுமே தோலுக்கடியில் போடும் ஊசிகள்.

எதிரிழை வகையைச் சேர்ந்த பெபிரோவிர்சென், 2022-இல் வெளியான இரண்டாம் கட்ட ஆய்வில், வாரம் 300 மில்லிகிராம் வீதம் 24 வாரங்கள் கொடுக்கப்பட்டபோது, ஏற்கெனவே மாத்திரையில் இருந்தவர்களில் 9 விழுக்காட்டினரிடமும் மாத்திரையில் இல்லாதவர்களில் 10 விழுக்காட்டினரிடமும் ஆன்டிஜெனும் வைரஸ் டி.என்.ஏ.-வும் மறைந்து, ஊசி நின்று 24 வாரங்கள் கழித்தும் அப்படியே இருந்தன. தொடக்கத்தில் ஆன்டிஜென் குறைவாக இருந்தவர்களிடம் பலன் கூடுதலாகத் தெரிந்ததால், மூன்றாம் கட்ட ஆய்வுகளில் மில்லிலிட்டருக்கு 3,000 அலகுகளுக்கு மேற்படாதவர்களே சேர்க்கப்பட்டார்கள். இந்த மருந்து ஆர்.என்.ஏ.-வை வெட்டுவதோடு எதிர்ப்பாற்றலையும் ஓரளவு தூண்டுவதாகக் கருதப்படுகிறது. அதாவது ஒரே ஊசியில் இரண்டு வேலையும்.

கூட்டுச் சிகிச்சையின் தேவையை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது 2024 டிசம்பரில் வெளியான சால்நெசிரான் ஆய்வு. மாத்திரையால் வைரஸ் அடங்கியிருந்த 159 பேர் இதில் பங்கேற்றார்கள். குறுக்கீட்டு ஆர்.என்.ஏ. மருந்தான சால்நெசிரானை 200 மில்லிகிராம் அளவில் தனியாகப் பெற்றவர்களில் 3 விழுக்காட்டினரிடமே ஆன்டிஜென் மறைவு 24 வாரங்களுக்குப் பிறகும் நிலைத்தது. அதே அளவோடு எதிர்ப்பாற்றலைத் தூண்டும் ருசோடோலிமோட் மாத்திரையும் பெற்றவர்களில் அது 12 விழுக்காடு. ருசோடோலிமோட்டுக்குப் பதிலாகப் பெக் இன்டர்ஃபெரானைச் சேர்த்துப் பெற்றவர்களில் 23 விழுக்காடு. பழைய மாத்திரையோடு மட்டும் இருந்தவர்களில் எவருக்குமே மறையவில்லை. ஆன்டிஜெனை வெறுமனே அமுக்கினால் போதாது, அது அமுங்கியிருக்கும் நேரத்தில் எதிர்ப்பாற்றலைத் தட்டியெழுப்பவும் வேண்டும் என்பதை இந்த எண்கள் அருகருகே நின்று சொல்கின்றன. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: ஆன்டிஜென் மறைந்தவர்கள் அனைவருமே தொடக்கத்தில் மில்லிலிட்டருக்கு 1,000 அலகுகளுக்குக் கீழே இருந்தவர்கள்.

எழுப்புவது மட்டும் தனித்து எங்கேயும் பெரிதாக வெல்லவில்லை. வைரஸை உணரும் உணரியைத் தூண்டும் வெசாடோலிமோட் என்ற மாத்திரை, ரத்தத்தில் எதிர்ப்பாற்றல் விழித்ததற்கான அறிகுறிகளைக் காட்டியபோதிலும் ஆன்டிஜெனைக் குறைக்கவில்லை. நோயைத் தீர்ப்பதற்கென்று உருவாக்கிய தடுப்பூசிகள், ஆன்டிஜென் நிறைந்து வழியும் உடம்பில் தனியாகப் போடப்பட்டபோது ஏமாற்றமே தந்தன. ஆகவே அவற்றை இப்போது ஆர்.என்.ஏ. மருந்துகளுக்குப் பின்னால், வரிசையாகக் கொடுத்துப் பார்க்கிறார்கள். புற்றுநோய்க்குப் பயன்படும் நிவோலுமாப் என்ற பி.டி.-1 தடுப்பு மருந்தை மிகக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வில் ஒருவரிடம் ஆன்டிஜென் முற்றிலும் மறைந்தது. களைத்த டி செல்லையும் எழுப்ப முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் நல்ல உடம்போடு நடமாடும் ஒருவருக்கு, தன் உறுப்புகளையே தாக்கும் எதிர்ப்பாற்றல் கோளாறுகளை உண்டாக்கக்கூடிய மருந்தைக் கொடுப்பதற்கு வேண்டிய துணிவை அந்த ஒரு சான்று தந்துவிடாது.

இங்கே ஆபத்தைப் பற்றியும் விரிவாகச் சொல்ல வேண்டும். எதிர்ப்பாற்றல் விழித்தெழுந்தால் அது செய்யும் வேலை, தொற்றுள்ள கல்லீரல் செல்களைக் கொல்வதுதான். ஆகவே சிகிச்சை பலிக்கும்போதே கல்லீரல் நொதிகள் உயர்கின்றன. கொஞ்சம் உயர்ந்து ஆன்டிஜெனும் சரிந்தால் அது நல்ல அறிகுறி. கல்லீரலில் பெரும்பகுதி தொற்றியிருக்கும் நிலையில் அளவு மீறினால், அல்லது ஏற்கெனவே சிரோசிஸ் உள்ளவரிடம் நேர்ந்தால், கல்லீரலே செயலிழந்துபோகலாம். வைரஸ் எதிர்ப்பு மாத்திரை இந்தச் சிகிச்சைகளில் கூடவே ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்: புது வைரஸ் கிளம்பிப் புதுச் செல்களைத் தொற்றாமல் அது காக்கிறது, சண்டை நடக்கும் களத்தைச் சுருக்குகிறது. ஆய்வுகளில் மாத்திரையை நிறுத்துவது குறிப்பிட்ட அளவுகோல்களை எட்டியவர்களுக்கு மட்டும், அடுத்தடுத்த ரத்தப் பரிசோதனைகளோடுதான். ‘எல்லாம் நார்மல்னு வந்துடுச்சு’ என்று வீட்டிலேயே நிறுத்திவிட்டு, சில மாதம் கழித்துக் கண்ணெல்லாம் மஞ்சளாகி, வயிறு உப்பி, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்களின் கதை வேறு. அது எதிர்ப்பாற்றல் வென்ற கதை அல்ல.

ஏற்கெனவே நடைமுறையில் இருப்பவை

கூட்டுச் சிகிச்சை என்றால் எல்லாமே எதிர்காலத்தில் இருப்பதாகத் தோன்றக்கூடும், அப்படியில்லை. ஹெபடைடிஸ் பி-யால் கல்லீரல் கெட்டு மாற்றுக் கல்லீரல் பெற்றவருக்குப் புதுக் கல்லீரலிலும் தொற்று ஏறாமலிருக்க, மேற்பரப்பு ஆன்டிஜெனுக்கு எதிரான ஆயத்த எதிர்ப்புப் புரதமும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பது நெடுங்காலமாக நடந்துவருகிறது. இரண்டும் சேர்ந்தபோது மறுதொற்று பத்தில் ஒருவருக்கும் கீழே இறங்கியது. கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்யும் அரசு மருத்துவமனைகளுள் ஒன்றான ஸ்டான்லி, பழைய சிறைச்சாலை சாலையில், நம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. தொற்றுள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் எதிர்ப்புப் புரதமும் போடுவதும், வைரல் லோடு 2 லட்சம் அலகுகளுக்கு மேல் உள்ள தாய்க்குக் கர்ப்ப காலத்தின் கடைசி மூன்று மாதங்களில் டெனோஃபோவிர் கொடுப்பதும் இதே தத்துவத்தின் வேறு வடிவங்கள். தொற்று வேரூன்றும் முன் இரண்டு ஆயுதங்களும் சேர்ந்தால் வெற்றி ஏறத்தாழ உறுதி. வேரூன்றிய பிறகு அதே வெற்றிக்குத்தான் இவ்வளவு பாடு.

கல்லீரல் புற்றுநோய் சிகிச்சையிலும் இந்தச் சேர்க்கை அன்றாட நடைமுறை ஆகிவிட்டது. அடெசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது, அதுவரை இருந்த சோராஃபெனிப் மாத்திரையைவிட ஆயுளைக் கூட்டுகிறது என்று 2020-இல் நிறுவப்பட்டது. இவற்றில் முதலாவது எதிர்ப்பாற்றலின் தடுப்பு விசையை விடுவிக்கும் மருந்து. அந்த ஆய்வில் ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையோடுதான் சேர்க்கப்பட்டார்கள். இங்கேயும் புற்றுநோய் மருந்து தொடங்கும் முன் எச்.பி.எஸ்.ஏ.ஜி. பரிசோதித்து, பாசிட்டிவ் என்றால் டெனோஃபோவிரோ என்டகாவிரோ கூடவே தொடங்குவது வழக்கம்.

இன்று மாத்திரையில் இருக்கும் ஒருவருக்கு இவற்றால் என்ன பயன் என்று கேட்டால், என் பதில் ஓர் எண்ணில் தொடங்கும். மேற்பரப்பு ஆன்டிஜென் இருக்கிறதா இல்லையா என்பதோடு நிற்காமல், எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் பரிசோதனை சென்னையின் பெரிய லேப்களில் கிடைக்கிறது. மேலே சொன்ன ஆர்.என்.ஏ. மருந்து ஆய்வுகளில் கூடுதலாகப் பலன் கிடைத்தது அந்த எண் குறைவாக இருந்தவர்களுக்கே. மாத்திரையைப் பல ஆண்டுகள் தவறாமல் எடுப்பவர்களிடம் அது மெல்ல மெல்ல இறங்குகிறது. விட்டு விட்டு எடுப்பவர்களிடம் அந்த இறக்கத்தை எதிர்பார்க்க முடியாது. 2018-இல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் அரசு சிகிச்சை மையங்களில் மாத்திரை இலவசமாகவே வழங்கப்படுவதால், காசில்லை என்ற காரணத்துக்காக யாரும் இடையில் நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை. சிரோசிஸ் இல்லாத, வயது குறைந்த, ஆன்டிஜென் எண் தாழ்ந்த ஒருவர், இன்டர்ஃபெரானை மாத்திரையோடு சேர்த்து எடுப்பது தனக்குப் பொருந்துமா என்று தன் கல்லீரல் மருத்துவரிடம் இன்றே கேட்கலாம். சிரோசிஸ் உள்ளவர் அதைக் கேட்பதைவிட, ஆறு மாதத்துக்கொருமுறை அல்ட்ராசவுண்ட் எடுத்துப் புற்றுநோய் தோன்றுகிறதா என்று பார்த்துக்கொள்வது முதன்மையானது.

செயல்நிலைக் குணம் அடைந்தவர்களுக்கும் ஒரு குறிப்பு உண்டு. உட்கருவில் மிஞ்சிய வட்டம், எதிர்ப்பாற்றல் வலுவாக இருக்கும்வரைதான் அடங்கிக் கிடக்கும். பின்னாளில் ரத்தப் புற்றுநோய்க்காகவோ மூட்டுவாதத்துக்காகவோ ரிட்டுக்ஸிமாப் போன்ற, எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்து எடுக்க நேர்ந்தால், பல ஆண்டுகளுக்கு முன் மறைந்த வைரஸ் மீண்டும் தலைதூக்க முடியும். எனவே தனக்கு ஒரு காலத்தில் ஹெபடைடிஸ் பி இருந்தது என்பதைப் புது மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தெரிந்திருந்தால் அவர் அந்த மருந்தைத் தொடங்கும் முன்பே என்டகாவிரையோ டெனோஃபோவிரையோ தொடங்கி, அது முடிந்த பிறகும் ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்வார்.